அடுத்த ஆண்டுப் பயிற்சிக்குத் தேதி குறிக்கும் முன்

தென்னாப்பிரிக்காவில் உள்ள தமிழ்ச் சங்கங்கள், கோயில் குழுக்கள், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்களே, செயலாளர்களே, பொருளாளர்களே,

வணக்கம்.

ஜனவரியில் பள்ளி திறக்கிறது. அதற்குள் அடுத்த ஆண்டுக்கான வேலைகளை முடிவு செய்ய உங்களில் பலர் இப்போது கூடிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். ஆசிரியர்களுக்கு ஒரு பயிலரங்கு, இளைஞர்களுக்கு ஒரு தலைமைப் பயிற்சி, கோயில் தொண்டர்களுக்கு ஏதாவது ஒன்று, முடிந்தால் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைப்பது என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலை எழுதும் முன் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாருக்கு என்ன குறைகிறது என்று போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நான் டர்பனில் ஒரு தொழிற்சாலையில் திறன் மேம்பாட்டுப் பொறுப்பில் இருக்கிறேன். சனிக்கிழமை காலையில் ஒரு தமிழ்ப் பள்ளியில் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இரண்டு இடத்திலும் பயிற்சி என்ற பேச்சு ஓயாமல் காதில் விழுகிறது. எங்கேயாவது வேலை சரியாக நடக்கவில்லை என்றால், "அவர்களுக்கு ஒரு டிரெய்னிங் கொடுங்கள்" என்பதுதான் முதலில் வருகிற வார்த்தை. குறை என்ன என்று பார்த்த பிறகு சொல்லவேண்டிய வார்த்தை அது. அதை முதலிலேயே சொல்லிவிடுவதால் எவ்வளவு பணமும், அதைவிட எவ்வளவு நல்ல மனிதர்களின் நேரமும் வீணாகிறது என்பதைப் பல காலமாகப் பார்த்து வருகிறேன்.

இந்த நாட்டில் பயிற்சிக்கென்று சட்டமே இருக்கிறது. 1998இல் திறன் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. ஆண்டுச் சம்பளச் செலவு 5 லட்சம் ராண்டைத் தாண்டுகிற நிறுவனங்கள் அந்தச் சம்பளத் தொகையில் 1 சதவீதத்தைத் திறன் வரியாகக் கட்டுகின்றன. அந்தந்தத் தொழில்துறையின் கல்வி, பயிற்சியைக் கவனிக்கிற செட்டா (SETA) அமைப்பிடம் ஏப்ரல் 30க்குள் பணியிடத் திறன் திட்டத்தைக் கொடுத்தால், கட்டியதில் ஒரு பங்கு திரும்பி வரும். ஓரளவு பெரிய நிறுவனம் என்றால் பயிற்சிக் குழு அமைத்து, தொழிலாளர் பிரதிநிதிகளையும் அதில் உட்கார வைக்க வேண்டும். வேலைக்கு என்ன திறன் வேண்டும், இருப்பவர்களிடம் என்ன இருக்கிறது, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துவிட்டுத் திட்டம் போடு என்பதுதான் அந்தச் சட்டம் சொல்வதன் சாரம். நல்ல எண்ணம். ஆனால் ஏப்ரல் நெருங்கும்போது போன வருஷக் கோப்பைத் திறந்து, பெயர்களையும் தேதிகளையும் மாற்றி அனுப்பிவிடுகிற இடங்களும் இருக்கின்றன. பணம் திரும்பி வந்துவிடும். இயந்திரத்தின் முன் நிற்கிற மனிதருக்கு ஒன்றும் கிடைக்காது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பாட்டில் நிரப்பும் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு ஷிஃப்டில் மூடி சரியாக இறுகாத பாட்டில்கள் அதிகமாக வந்துகொண்டிருந்தன. பகல் ஷிஃப்டில் அந்தப் பிரச்சினை இல்லை. இரவு ஆட்களுக்குத் திறமை போதாது, எல்லாரையும் திரும்பப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று மேலாளர் உத்தரவு போட்டார். பயிற்சி நிறுவனத்திடம் விலைகூடக் கேட்டாகிவிட்டது. அதற்கு முன் ஓர் இரவு போய் அந்த வரிசையின் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்று நானும் தொழிற்சங்கத்து அண்ணன் ஒருவரும் போனோம். மூடி எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்க ஒரு சிறிய கருவி உண்டு. மணிக்கு ஒரு தடவை சில பாட்டில்களை எடுத்து அதில் வைத்துப் பார்க்க வேண்டும். பகலில் அப்படித்தான் பார்க்கிறார்கள். இரவில் அந்தக் கருவி தரக்கட்டுப்பாட்டு அறைக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி பகல் மேற்பார்வையாளரிடம். அவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். இரவு ஆட்கள் கையால் திருகிப் பார்த்து, சரியாக இருக்கும் என்று நினைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டோம். சொன்னோமே, யாரும் எழுதிக்கொள்ளவில்லை என்றார்கள். இன்னொரு சாவி செய்து கொடுத்தார்கள், அதோடு முடிந்தது. பயிற்சிக்கு அனுப்பியிருந்தால் ஏற்கெனவே தெரிந்ததையே அவர்கள் மறுபடி கேட்டிருப்பார்கள், திரும்பி வந்து பழையபடி கையால் திருகிக்கொண்டிருப்பார்கள்.

ஒருவர் ஒரு வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். எப்படிச் செய்வது என்று தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் கருவியோ நேரமோ இடமோ இல்லாமல் இருக்கலாம். தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம். செய்தாலும் செய்யாவிட்டாலும் யாரும் கண்டுகொள்வதில்லை என்று மனம் விட்டுப்போயிருக்கலாம். இவற்றில் முதல் காரணத்துக்கு மட்டும்தான் பயிற்சி மருந்தாகும். மற்றவற்றை நிர்வாகம்தான் தீர்க்க வேண்டும், அதாவது நீங்கள்தான். பயிற்சி என்று சொன்னவுடன் குறை ஆசிரியர் தலையில் விழுகிறது, நிர்வாகம் எடுக்கவேண்டிய முடிவு தள்ளிப்போகிறது. இதைக் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் இது நடக்கிறது.

நம் பள்ளிகளுக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா. பல வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவர், பிள்ளைகளுக்கு அவர் மீது உயிர். ஒரு கட்டத்தில் வருவதை நிறுத்திவிட்டார். பிந்தைய நாட்களில் ஆசிரியர்கள் கணினி, புரொஜெக்டர் எல்லாம் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அது அவருக்குப் பிடிபடவில்லை, அதனால்தான் நின்றுவிட்டார் என்று குழுவில் பேசிக்கொண்டார்கள். மூத்த ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சி நடத்தலாம் என்று தீர்மானமும் போட்டார்கள். நான் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். தமிழும் இங்கிலீஷும் கலந்து நிதானமாகச் சொன்னார். காலை ஒன்பது மணி வகுப்பை மதியம் மூன்று மணிக்கு மாற்றி, வேறு மண்டபத்துக்கும் கொண்டுபோய்விட்டார்களாம். முடித்துவிட்டுக் கிளம்பினால் குளிர்காலத்தில் இருட்டிவிடுகிறது. மினிபஸ் டாக்சிக்காக அந்தத் தெருமுனையில் தனியாக நிற்க அவருக்குப் பயம். வாடகைக் காரில் வரலாம் என்றால் ஒவ்வொரு வாரமும் அந்தக் காசு கையை விட்டுப் போகிறது. மகனிடம் கேட்கவும் கூச்சம். கணினியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய பேரன் அவருக்கு அதை எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டானாம்.

அந்த ஆசிரியரை நாம் இழந்தது ஒரு நேர மாற்றத்தால். யாராவது ஒருவர் நேரில் போய்க் கேட்டிருந்தால் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வரும் ஒரு பெற்றோரைக் கண்டுபிடித்திருக்கலாம். ஒரு ஆசிரியர் போனால் இன்னொருவர் எங்கே கிடைக்கிறார்? டர்பன் வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் ஒரு காலத்தில் தமிழ் படிக்கலாம். அந்தப் பல்கலைக்கழகம் 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய க்வாசுலு-நேட்டால் பல்கலைக்கழகமாக ஆயிற்று. அங்கே பயின்ற தலைமுறைக்கு இப்போது வயதாகிறது. இருக்கிற ஆசிரியர்களைக் காப்பாற்றுவதுதான் நம்முடைய முதல் பயிற்சித் திட்டமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு அனுபவம். ஒரு அமைப்பு ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு வைத்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த அறிஞர் நல்ல மனிதர், ஆழ்ந்த படிப்பு. புணர்ச்சி விதிகளைப் பற்றி நாள் முழுக்க அழகாகப் பேசினார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் வார இறுதியில் நடத்துகிற வகுப்பு எப்படி இருக்கும் தெரியுமா? ஒரே அறையில் ஆறு வயதுக் குழந்தை, பதினான்கு வயதுப் பையன், பேரப்பிள்ளையோடு சேர்ந்து எழுத்துக் கற்றுக்கொள்ள வந்த ஒரு பாட்டி. வீட்டில் யாரும் தமிழ் பேசுவதில்லை. மேசையில் இருக்கும் பாடநூல், தமிழ் பேசத் தெரிந்த குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதற்காகத் தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. நம் குழந்தைக்கு 'அணில்' என்பதில் எழுத்தும் புதிது, சொல்லும் புதிது, அந்தப் பிராணியின் பெயர் தமிழில் இப்படி என்பதும் புதிது. போட்டிக்குப் போகிற பிள்ளைகள் பாட்டை ரோமன் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறார்கள். மேடையில் பிசகில்லாமல் பாடுவார்கள், பரிசும் வாங்குவார்கள். இறங்கி வந்த பிறகு அந்தப் பாட்டில் 'நீர்' என்று ஒரு சொல் வந்ததே, அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் முழிப்பார்கள். இந்த வகுப்பை எப்படி நடத்துவது என்பதுதான் அந்த ஆசிரியர்களின் கவலை. பேச்சுத் தமிழை முதலில் காதில் போடுவதா, எழுத்தை முதலில் கொடுப்பதா, மூன்று வெவ்வேறு வயதுக்காரர்களை ஒரே மணி நேரத்தில் எப்படிச் சமாளிப்பது? அன்றைக்கு இதைக் கேட்க நேரமும் இல்லை, கேட்கும்படி யாரும் சொல்லவும் இல்லை.

அந்தப் பயிலரங்குக்குத் தேதி குறித்ததையும் சொல்ல வேண்டும். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கோயில்களில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள். நம் ஆசிரியைகளில் பாதிப்பேர் விடியற்காலையிலிருந்து கோயில் அடுக்களையில் இருந்தார்கள். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அறிக்கையில் "ஆசிரியர்களிடம் ஆர்வம் குறைந்து வருகிறது" என்று எழுதினார்கள். அது என் மனதை மிகவும் நோகடித்தது. அந்த வரியை வைத்துக்கொண்டுதான் அடுத்த வருட முடிவுகள் எடுக்கப்படும்.

தேவை என்பதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தொழிலில் உதவிய ஒரு யோசனை உண்டு. ஜோனதன் பிராட்ஷா என்ற பிரிட்டிஷ் சமூகக் கொள்கை அறிஞர் 1972இல் எழுதியது. தேவையை அவர் நான்காகப் பார்த்தார். விஷயம் தெரிந்தவர்கள் இவ்வளவு இருக்க வேண்டும் என்று வரையறுப்பது ஒன்று. மக்கள் தாங்களே எனக்கு இது வேண்டும் என்று உணர்வது ஒன்று. உணர்ந்ததோடு நிற்காமல் எழுந்து வந்து கேட்பது ஒன்று. இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்குக் கிடைத்திருப்பது இவர்களுக்குக் கிடைக்காமல் இருப்பது இன்னொன்று. நான்கும் ஒன்றாகச் சேர்கிற இடம் இருந்தால் அங்கே யோசிக்காமல் பணம் போடலாம். பெரும்பாலும் சேராது, அங்கேதான் நிர்வாகத்தின் வேலையே இருக்கிறது.

நம் பெற்றோரையே பாருங்கள். பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், பத்தில் பத்துப் பேரும் தமிழ் பேச வேண்டும் என்பார்கள். மனதாரச் சொல்கிறார்கள், பொய்யில்லை. ஆனால் எதற்கு வந்து பெயர் கொடுக்கிறார்கள், எதற்குப் பிள்ளையைத் தவறாமல் கூட்டி வருகிறார்கள் என்று பதிவேட்டைப் பார்த்தால் நடனத்துக்கும் பாட்டுக்கும் வரிசை நிற்கிறது, பேச்சு வகுப்பு காலியாக இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டுப் பெற்றோரைக் குறை சொல்லவும் கூடாது, பேச்சு வகுப்பை மூடவும் கூடாது. பாட்டு வகுப்புக்குள் பேச்சைக் கொண்டுவர முடியுமா என்று கேட்கலாம். அப்படியானால் பயிற்சி தேவைப்படுவது தமிழாசிரியருக்கு மட்டுமா, பாட்டு ஆசிரியருக்கும் இல்லையா? பதிவேட்டையும் பெற்றோர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கேள்வியே எழும். டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கும் விடை வேறாகவும் இருக்கும். டர்பனுக்குள்ளேயே சாட்ஸ்வொர்த்தில் சரிப்பட்டது ஃபீனிக்ஸில் சரிப்படும் என்றுகூடச் சொல்ல முடியாது.

பயிற்சியைத் தாண்டியும் இது பொருந்தும். 2022 ஏப்ரல் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். டர்பன் இருக்கும் இந்த க்வாசுலு-நேட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நம் கோயில்களும் சங்கங்களும் அன்றைக்கே கதவைத் திறந்தன, சமைத்தன, கொடுத்தன. அதை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. அதே சமயம் நான் பார்த்த ஒரு மண்டபத்தில் பழைய துணி மூட்டைகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் நீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் லாரி தெருமுனைக்கு வரும்போது இரண்டாம் மாடியில் இருக்கும் வயதானவருக்கு இருபது லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். மூடியுள்ள கேன்கள் வேண்டும். லாரி எத்தனை மணிக்கு வரும் என்று வாட்ஸ்அப்பில் சொல்ல ஒருவர் வேண்டும். தெருத்தெருவாகப் போய் அரை நாள் கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். அடுத்த வெள்ளத்துக்குத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பதாக இருந்தால், முதல் பாடம் இப்படிப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வருவதாக இருக்கட்டும்.

சரி, எப்படிச் செய்வது?

பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். முதலில் குழுவாக உட்கார்ந்து, எந்த முடிவுக்காக இதைக் கேட்கிறோம் என்று ஒரு வரியில் எழுதுங்கள். "அடுத்த ஆண்டு ஆசிரியர் பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தை எதில் போடுவது" என்பது ஒரு முடிவு. "சனிக்கிழமை வகுப்பை எத்தனை மணிக்கு வைப்பது" என்பது இன்னொன்று. பதில் எப்படி வந்தாலும் நம் முடிவு மாறப்போவதில்லை என்றால் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். மக்களின் நேரத்தை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே எடுத்த முடிவுக்குக் கையெழுத்து வாங்குவது அவமதிப்பு. ஒரு தடவை அப்படி நடந்தால் அடுத்த தடவை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அப்புறம், வெளியே போவதற்கு முன் அலமாரியைத் திறந்து பாருங்கள். வருகைப் பதிவேடு, கட்டண நோட்டு, போட்டி முடிவுகள், ஆசிரியர்கள் விடுப்புச் சொல்லி அனுப்பிய செய்திகள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. எந்த வகுப்பில் எந்த மாதத்தில் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள் என்று பதிவேட்டைப் புரட்டினாலே ஒரு சித்திரம் கிடைக்கும். பல பள்ளிகளில் பதிவேடு தவறாமல் எழுதப்படுகிறது, யாரும் படிப்பதில்லை.

பிறகு வகுப்பில் போய் உட்காருங்கள். பின்வரிசையில், ஒன்றும் பேசாமல், முழு நேரமும். தலைவர் போனால் ஆசிரியர் நடுங்கிவிடுவார், பிள்ளைகளும் விறைப்பாக உட்காருவார்கள். அதனால் வேறு ஊர் ஆசிரியர் ஒருவரை அனுப்பலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பள்ளி ஆசிரியர் டர்பனில் உள்ள மெரேபேங்குக்கு வரட்டும், மெரேபேங்க் ஆசிரியர் அங்கே போகட்டும். குறை எழுதுவதற்காக வரவில்லை, உங்களுக்கு என்ன கிடைத்தால் வேலை சுலபமாகும் என்று பார்க்க வந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பரிமாற்றமே ஒரு பயிற்சிதான், செலவு பெட்ரோல் மட்டும்.

விட்டுப்போனவர்களைக் கேளுங்கள். இதைத்தான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன். கூட்டத்துக்கு வருகிறவர்கள் எப்படியும் நம்மோடு இருப்பவர்கள், அவர்களுக்கு நாம் செய்வது ஓரளவு பிடித்திருக்கிறது. நின்றுபோன ஆசிரியர், இரண்டாம் ஆண்டில் பெயரை எடுத்துவிட்ட பிள்ளையின் தாய், பக்கத்துத் தெருவில் இருந்தும் ஒரு நாளும் எட்டிப் பார்க்காத குடும்பம், இவர்களிடம்தான் நமக்குத் தெரியாத செய்தி இருக்கிறது. தொலைபேசியில் கேட்கலாம், நேரில் போனால் இன்னும் நல்லது. என்ன பயிற்சி வேண்டும் என்று கேட்க வேண்டாம். அப்படி ஒரு படிவம் கொடுத்தால் எல்லாரும் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துக் கொடுப்பார்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. போன சனிக்கிழமை வகுப்பு எப்படிப் போனது, எந்த இடத்தில் சிக்கியது, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும்.

கேட்டதை எழுதிவைக்கும்போது ஒரு கவனம் தேவை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாகச் செயல்படுகிறது, தன்னார்வ அமைப்புகளுக்கும் அது பொருந்தும். பிள்ளைகளைப் பற்றிய தகவல் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, தேவைப்பட்டதை மட்டும் எழுதி, பெயர்களை வாட்ஸ்அப் குழுவில் போடாமல் பூட்டி வையுங்கள். சட்டத்துக்காக மட்டும் இல்லை. அந்த அக்கா தெருமுனையில் நிற்கப் பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னது ஊருக்கே தெரிய வேண்டியதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, நாங்கள் சம்பளம் வாங்காமல் வேலை செய்பவர்கள், இதற்கெல்லாம் ஆள் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம். உங்களில் பலர் வேலை முடிந்து, வீட்டு வேலையும் முடித்து, இரவு பத்து மணிக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். ஆள் குறைவு என்பதால்தான் இதைச் சொல்கிறேன். அன்னதானத்துக்கு அரிசி களையும் முன் எத்தனை இலை விழும் என்று கோயில் சமையற்காரர் கேட்காமல் இருப்பாரா? கையில் கொஞ்சமாக இருக்கும்போதுதான் அந்தக் கேள்விக்கு அவசியம் அதிகம். பயிலரங்குக்கு விமான டிக்கெட், மண்டப வாடகை, சாப்பாடு என்று போகிற பணத்தில் ஒரு சிறு பங்கு போதும் இந்த வேலைக்கு.

எங்கள் ஆட்களை எங்களுக்குத் தெரியாதா என்று இன்னொரு கேள்வி வரும். தெரியும். இருபது முப்பது வருடமாகத் தெரியும், அதில்தான் ஒரு சிக்கலும் இருக்கிறது. நமக்குத் தெரிந்தது அவர்கள் அன்றைக்கு இருந்த நிலை. அன்றைக்குத் தாத்தா பாட்டி வீட்டில் தமிழ் பேசினார்கள், பிள்ளை வகுப்புக்கு வரும்போது காதில் கொஞ்சம் ஒலி இருந்தது. இன்றைக்குத் தாத்தா பாட்டிக்கே இங்கிலீஷ்தான் வீட்டு மொழி. பாடம் மாறவில்லை, பிள்ளை மாறிவிட்டது.

நிதி கேட்கும்போதும் இது கைகொடுக்கும். இந்த நாட்டின் அரசியலமைப்பின் 6ஆம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது. இங்குள்ள சமூகங்கள் பேசும் மற்ற மொழிகளோடு தமிழையும் போற்றி வளர்ப்பது தென்னாப்பிரிக்க மொழிகள் வாரியத்தின் கடமை என்று எழுதியிருக்கிறது. அது பெரிய உரிமை. ஆனால் நிதி கொடுப்பவர் மேசையில் நம் விண்ணப்பம் போகும்போது அந்தப் பிரிவைக் காட்டினால் மட்டும் போதாது. எத்தனை பிள்ளைகள், எங்கே தடுமாறுகிறார்கள், இந்தப் பணம் வந்தால் எது மாறும் என்று அவர் கேட்பார். நம் விண்ணப்பங்களில் மொழியின் தொன்மை இரண்டு பக்கம் வருகிறது, நம் வகுப்பறை இரண்டு வரிகூட வருவதில்லை. பதிவேடும் வகுப்பில் உட்கார்ந்து பார்த்த குறிப்பும் இருந்தால் அந்தப் பக்கங்களை நிரப்பலாம்.

கடைசியாகப் பயிற்சி நடந்து முடிந்த பிறகு என்ன என்பதையும் பார்க்க வேண்டும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959இல் பயிற்சியை நான்கு படிகளில் அளக்கச் சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, திரும்பிப் போய் வேலையில் பயன்படுத்துகிறார்களா, அதனால் பலன் கிடைத்ததா. நாம் முதல் படியிலேயே நின்றுவிடுகிறோம். சாப்பாடு நன்றாக இருந்ததா, பேச்சாளர் எப்படி என்று ஒரு தாள். அடுத்த பருவத்தில் அந்த ஆசிரியரின் வகுப்பில் போய் ஒரு சனிக்கிழமை மறுபடி உட்கார்ந்தால் மூன்றாம் படி தெரிந்துவிடும். நான்காம் படி பதிவேட்டிலேயே இருக்கிறது. முன்னால் போய்ப் பார்த்திருந்தால்தான் பின்னால் பார்ப்பதை எதோடாவது ஒப்பிட முடியும்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் இதை ஒரு பொருளாக வையுங்கள். பயிற்சிக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை இன்னதற்கு என்று எழுதாமல் நிறுத்தி வையுங்கள். நவம்பர் முடிவதற்குள் ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவர் போய் உட்கார்ந்து, சிலரைக் கேட்டு, ஒரே ஒரு பக்கம் எழுதட்டும். அந்தப் பக்கத்தை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் காட்டுங்கள். எதைச் செய்யப் போகிறோம், எதை இந்த வருடம் செய்ய முடியாது, ஏன் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பிறகு அந்தப் பாதிப் பணத்தை ஒதுக்குங்கள். அது பயிலரங்குக்குப் போகலாம், பாடநூல் எழுதப் போகலாம், ஓர் அக்காவின் பயணச் செலவுக்கும் போகலாம்.

டர்பனைச் சுற்றியுள்ள எந்தப் பள்ளி கேட்டாலும் நான் வருகிறேன். கேள்விகளை எப்படி அமைப்பது, பதிவேட்டை எப்படிப் படிப்பது என்று காட்டித் தருகிறேன், எனக்குப் பணம் எதுவும் வேண்டாம். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எந்த வாரமும் முடியும். என் பள்ளிச் செயலாளர் மூலமாகச் சொல்லி அனுப்பினால் போதும்.

அன்புடன்,
டர்பனிலிருந்து ஒரு வார இறுதித் தமிழாசிரியர்